கிராம் கணக்கு

என் பெயரில் இப்போது ஒரு டைட்டானியம் கரண்டி இருக்கிறது. எடை 18 கிராம். காம்பு ஒரு சாண் நீளம். உணவுப் பொட்டலத்தின் அடிவரை கையில் ஒட்டாமல் துழாவுவதற்காக அப்படிச் செய்கிறார்களாம். எந்த விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்பது கலிஃபோர்னியாவில் வந்து இறங்கும் எல்லா அப்பாக்களுக்கும் விமான நிலையத்திலேயே சொல்லப்படும் விதி. நான் பெருக்கினேன். அந்தக் காசுக்கு மதுரையில் ஒரு டஜன் எவர்சில்வர் கரண்டி வாங்கி, பேர் வெட்டவும் கொடுத்திருக்கலாம்.

கரண்டிக்குக் காரணம் ஜான் மியூர் பாதை. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, சியரா நெவாடா மலைத்தொடர் வழியே தெற்கு நோக்கிப் போய், 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடிகிறது. சுமார் 340 கிலோமீட்டர். தென்பாதியில் டீக்கடை என்ன, தார்ச்சாலையே குறுக்கிடாது. வீடு, படுக்கை, அடுப்பு, அரிசி எல்லாம் நடக்கிறவர் முதுகில்தான். மகள் அதை நடக்கப்போவதாகச் சொன்னபோது, ஓய்வுபெற்ற வங்கிக்காரன், முழங்கால் இன்னும் பழுதில்லை என்ற இரண்டு தகுதிகளை வைத்து என்னையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது தகுதியை நானே எடுத்துவிட்டேன்: இமயமலை அனுபவம்.

"அப்ப எந்த ஸ்டவ் கொண்டு போனீங்கப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

எண்பதுகளின் நடுவில், எல்.எஃப்.சி. என்ற மகத்தான விடுமுறைப் பயணச் சலுகை கையில் இருந்த காலத்தில், எங்கள் கிளையிலிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பினோம். கங்கோத்ரி, அங்கிருந்து நடந்து கோமுகம், அதற்கும் மேலே தபோவனம். சமையல் இலாகா எங்கள் கேஷியரிடம். அவர் கட்டிய மூட்டையில் இருந்தவை: பித்தளை பம்ப் ஸ்டவ், ஐந்து லிட்டர் குக்கர், அலுமினியக் குண்டான்கள், இடுக்கி, தாளிக்கிற கரண்டி, காபி ஃபில்டர், ஒரு தோசைத்திருப்பி. தோசையை எதில் சுடப்போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. மண்ணெண்ணெயை ரயிலில் ஏற்றக் கூடாது என்பதால் காலி கேனோடு போய் உத்தரகாசியில் வாங்கினோம். ரேஷன் கார்டு இல்லாதவனுக்கு மண்ணெண்ணெய் கொடுக்கும் கடை எது என்பதை, பாஷை தெரியாத ஊரில், தெருமுனையில் நின்று பார்த்தே கேஷியர் கண்டுபிடித்தார். நோட்டைத் தடவிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லுகிறவருக்கு மனிதர்கள் எம்மாத்திரம்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அடியில் பித்தளைத் தொட்டி; முக்கால் அளவுக்கு எண்ணெய். மேலே பர்னர், அதன் கழுத்தைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, பர்னர் நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காமல் பம்பு அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சி, மஞ்சள் சுவாலை முகத்துக்கு வரும். புருவம் போனவர்கள் உண்டு. பொறுத்து அடித்தால் நீலச் சுவாலை, காது அடைக்கும் இரைச்சல். நடுவில் நாசிலில் கரி அடைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்டவ் பின்: தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி. குத்தும்போது அந்தக் கம்பி உள்ளேயே முறிந்துவிட்டால் அன்றைக்கு எல்லோரும் ஏகாதசி.

ஆனாலும் அது சாமானியக் குலத்தில் பிறந்ததல்ல. 1892-ல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்வின் தூரத்து உறவு. அந்தப் பிரைமஸ்தான் ஆமுண்ட்செனோடு தென்துருவம் போனது. 1953-ல் எவரெஸ்டின் கடைசி முகாமில் விடிந்தபோது ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்து கிடந்தது. அதை அடுப்பில் வாட்டி இளக்கிய பிறகுதான் அவரும் டென்சிங்கும் புறப்பட முடிந்தது. இந்த வரலாற்றை மகளிடம் சொன்னேன். "எத்தனை கிராம்?" என்று கேட்டாள்.

குக்கரைப் பார்த்துச் சிரித்ததைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தபோவனம் 4,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பேர்தானே தவிர, துவரம்பருப்பு அதைச் சட்டை செய்யாது. குக்கரோ, தன் வெயிட்டைக் கொண்டு வெளிக்காற்றுக்கு மேல் கடல்மட்டக் காற்றின் அளவுக்கு அழுத்தத்தைச் சேர்த்து, உள்ளே 113 டிகிரி வரை ஏற்றிவிடும். கேஷியருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. சாம்பார் இல்லாமல் சாப்பிட முடியாது என்பது மட்டும் தெரியும். இரண்டும் ஒரே விடையைத்தான் தந்தன.

அடுப்பு, குக்கர், நாலு கிலோ மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு என்று மூட்டை 25 கிலோவுக்குக் குறையாது. ஆனால் எங்களுக்கு அது கனக்கவே இல்லை. காரணம் எளிது: அதை நாங்கள் தூக்கவில்லை. கங்கோத்ரியில் அமர்த்திய நேபாளத்துக்காரர் ஒருவர் நெற்றிப்பட்டையில் கயிறு மாட்டி அதைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார். தனக்கென்று அவர் கொண்டுவந்த சமையல் சாமான் ஒரு தகரக் குவளை. அவலை அதில் போட்டு, ஓடைத் தண்ணீரை ஊற்றி, ஊறியதும் வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்து, பீடியும் பற்றவைத்துவிடுவார். எங்கள் குக்கர் அப்போதுதான் முதல் விசிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

வழியில் போஜ்பாசா என்று ஓர் இடம். போஜ் என்றால் பூர்ஜ மரம்; நாங்கள் போனபோது ஊரின் பெயரில் மட்டும்தான் மரம் இருந்தது. யாத்ரீகர்களும் எங்களைப் போன்றவர்களும் டீ போட்டுக் குடித்தே காலிசெய்த காடு அது. பின்னாளில் ஹர்ஷ்வந்தி பிஷ்ட் என்ற மலையேற்ற வீராங்கனை அங்கே பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலையில் இறங்கினார். எங்கள் மண்ணெண்ணெய் ஒரு மரத்தையும் தொடவில்லை என்று இன்று பெருமையடித்துக்கொள்ளலாம். உள்ளபடி, சுள்ளி பொறுக்கச் சோம்பல்.

இனி மகளின் கணக்கு. அவளிடம் ஓர் எக்செல் தாள் இருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் பாதிக் காம்பு வரை எல்லாம் அதில் கிராமில் ஏறியிருந்தது. இந்தக் கூட்டத்தாரின் வேதம் 'அடிப்படை எடை'. பையில் உள்ளதில் உணவு, தண்ணீர், எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை எடைபோட வேண்டும். அது நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் மோட்சம். 1992-ல் ரே ஜார்டின் என்பவர் பசிஃபிக் கிரெஸ்ட் பாதைக்காக எழுதிய கையேட்டிலிருந்து இந்த மதம் வேகமாகப் பரவியது. வீட்டுக்கடன் தவணையைச் சேர்க்காமல் குடும்பச் செலவைக் காட்டி மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கும் மாப்பிள்ளைகளை நான் வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு முக்கால் கிலோ சாப்பாடு. பத்து நாளைக்கு ஏழரைக் கிலோ. அது கணக்கில் வராது, கரண்டி வரும்.

அடுப்புத் தேர்வு பெண் பார்க்கும் படலம்போல நீண்டது. முதலில் வந்தது ஸ்பிரிட் அடுப்பு. பூனைத் தீனி அடைத்து வரும் குட்டி அலுமினிய டப்பாவில் பேப்பருக்கு ஓட்டை போடும் கருவியால் வரிசையாகத் துளைத்தால் அடுப்பு தயார். பத்து கிராம்கூட வராது. ரிப்பேர் ஆக அதில் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. குறை எரிபொருளில். ஒரு கிராம் ஸ்பிரிட் தரும் சூடு, ஒரு கிராம் எரிவாயு தருவதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். நாலு நாள் நடைக்கு லாபம். நாள் ஏற ஏற, அடுப்பில் மிச்சம் பிடித்த எடையைப் புட்டியில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதைவிடப் பெரிய தடை, கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை வந்துவிட்டால் மூடித் திறக்கும் வால்வு இல்லாத அடுப்புக்குக் கலிஃபோர்னியாக் காடுகளில் அனுமதி கிடையாது. சாய்ந்தால் எரியும் ஸ்பிரிட் புல்லில் ஓடும், அணைக்க வழியில்லை. இந்த விதியை நான் எதிர்த்துப் பேசவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீக்குப் பிறகு, காய்ந்த மலைப்புல்லைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது எஸ்பிட் வில்லை. 1936-லிருந்து ஜெர்மானியர்கள் செய்வது. கற்பூரக்கட்டி மாதிரி கொளுத்த வேண்டியதுதான். ஆனால் எரியும்போது மீன் வாடை அடிக்கும். மீன் இல்லாமல் மீன் வாடை மட்டும் என்பது எந்த வீட்டிலும் எடுபடாது.

கடைசியில் ஜெயித்தது, எரிவாயுக் குப்பியின் தலையில் திருகுகிற 25 கிராம் சீன அடுப்பு. மூன்று கால்களையும் மடக்கினால் தீப்பெட்டிக்குள் போய்விடும் போலிருக்கிறது. அதோடு 750 மில்லி டைட்டானியம் பாத்திரம், மூடியோடு 100 கிராம் சொச்சம். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏழெட்டு கிராம் வாயு. ஆக 230 கிராம் குப்பி ஒன்று சுமார் முப்பது தடவைக்கு வரும் என்று எக்செல் சொன்னது. காற்றைப் பற்றி எக்செல் ஒன்றும் சொல்லவில்லை. கணவாயில் காற்று வீசினால் செலவு இரட்டிக்கும். அதற்காகக் குப்பியையும் சேர்த்துத் தகடு வைத்து மறைக்கவும் கூடாது; சூடு ஏறினால் குப்பி வெடிக்கும். பாறையைத் தேடி அதன் முதுகில் ஒண்டிக்கொள்வதுதான் வழி. பாறை அடிப்படை எடையில் சேராது.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். டைட்டானியம் பாத்திரத்தில் ரவை உப்புமா கிண்டினாள். சுவாலை படுகிற இடம் மட்டும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கருக, ஓரத்தில் ரவை பச்சையாகவே இருந்தது. அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட டைட்டானியம் கடத்தாது. கேஷியரின் நசுங்கிய குண்டானில் உப்புமா ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. "அதுல சமைக்கக் கூடாதுப்பா. தண்ணி மட்டும்தான் கொதிக்க வைக்கணும்," என்றாள் மகள், பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே. சமைக்க உதவாத சமையல் பாத்திரத்துக்கு நாங்கள் கொடுத்த விலையையும் நான் பெருக்கிப் பார்த்தேன்.

அப்படியானால் சமையல் எங்கே? அவள் வீட்டு அடுப்படியில். நாலு பர்னர் அடுப்பில் சாம்பார் சாதத்தைக் குழையக் குழையப் பண்ணி, உலர்த்தும் கருவியின் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, இரவு முழுக்க மின்சாரத்தில் காயவைத்து, காலையில் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைத்துப் பைகளில் அடைத்தோம். ரசம் சாதம், பிசிபேளா, பொங்கல் எல்லாம் இதே கதி. நெய் மட்டும் காய மறுத்துவிட்டதால் தனிப் புட்டியில் வந்தது. வாரக்கணக்கில் வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. 25 கிராம் அடுப்புக்குப் பின்னால் இத்தனை பெரிய அடுப்படி ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சுமையை நேபாளத்துக்காரர் முதுகில் ஏற்றினோம், இப்போது மின்சார பில்லில் ஏற்றுகிறோம்.

தபால்காரர் முதுகிலும்தான். பாதைக்குப் பாதி தூரத்தில் மியூர் டிரெயில் ராஞ்ச் என்றொரு பண்ணை இருக்கிறது. முன்கூட்டியே உணவைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருப்பார்கள். நடைக்காரர்கள் அதைச் சுருக்கி எம்.டி.ஆர். என்பார்கள். "எம்.டி.ஆர்-ல நம்ம சாப்பாடு காத்துக்கிட்டிருக்கும்பா" என்று மகள் சொன்னபோது, பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டலின் ரவா இட்லி இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று ஒரு கணம் எனக்குப் புல்லரித்தது.

எக்செல்லைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே பொருள் கரடி டப்பா. சியராவில் கரடிகள் உணவுப் பையைப் பிய்ப்பதில் கைதேர்ந்தவை. அதனால் பாதையின் பெரும்பகுதியில், அவற்றால் திறக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும் என்பது சட்டம். காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். அடுப்பு, பாத்திரம், கரண்டி மூன்றையும் சேர்த்து 150 கிராமுக்குள் அடக்கிய சாமர்த்தியத்தின் மேல் இந்த டப்பா ஏறி உட்கார்ந்துகொண்டது. "இது எந்தக் கணக்கு?" என்றேன். "அது கரடிக் கணக்குப்பா."

அடுப்பு பற்றவைக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசம், ஆனால் ஒரு வீடியோ பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதிய முதல் இலாகாத் தேர்வு அது. பாஸ்.

நடை நன்றாகவே நடந்தது. ஏரிகளைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காலைகளை மட்டும் சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல் விடிகாலையில் புல்லில் உறைபனி. குப்பிக்குள் இருப்பது ஐசோபியூட்டேனும் புரொபேனும் கலந்தது. புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12 எல்லை. புரொபேன் முந்திக்கொண்டு தீர்ந்துவிடும் என்பதால், குப்பி காலியாகக் காலியாக, குளிர் ஏற ஏற, சுவாலை அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதைத் தவிர்க்க ராத்திரி குப்பியைத் தூக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். என் வயதில் எரிவாயுக் குப்பியை மார்போடு அணைத்துத் தூங்கினேன். மண்ணெண்ணெய்க்கு இந்தச் செல்லமெல்லாம் கிடையாது. எந்தக் குளிரிலும் கேனில் அது பாட்டுக்குக் கிடக்கும்.

எம்.டி.ஆர்-இல் எங்கள் வாளி பத்திரமாக இருந்தது. அதைவிடச் சுவாரசியம், வேண்டாத உணவை விட்டுப்போகும் பெரிய வாளிகளின் வரிசை. எடைக்குப் பயந்தும், தின்று அலுத்தும் ஆட்கள் கொட்டிவிட்டுப் போனவை. ஓட்ஸ், ஓட்ஸ், மேலும் ஓட்ஸ். வீட்டில் உட்கார்ந்து கிராம் கணக்குப் போடும்போது எல்லோருக்கும் ஓட்ஸ் பிடிக்கிறது போலும். எங்கள் வாளியைத் திறந்ததும் பெருங்காயம் வெளியே வர, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்கார இளைஞன் திரும்பிப் பார்த்தான். அவன் கையில் ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் ஜாடி. அதில் குளிர்ந்த தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த நூடுல்ஸ். அடுப்பையே துறந்துவிட்டானாம். இந்த முறைக்குக் கோல்டு சோக் என்று பேர். எத்தனை கிராம் மிச்சம் என்பதை முகமலர்ச்சியோடு சொன்னான். இதெல்லாம் எங்கள் முன்னோர் என்றைக்கோ கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிற தினுசில் ஆரம்பிக்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவலை ஊறவைத்தது என் முன்னோரல்ல. எங்கள் மூட்டையைத் தூக்கியவர். அவர் எதையும் கண்டுபிடிக்கவுமில்லை; பசித்தது, சாப்பிட்டார். 1955-ல் 67 வயதில், டெனிம் துணியில் தானே தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட் பாட்டியிடமும் அடுப்பு இருக்கவில்லை. உலர்திராட்சை, கடலை, டப்பாவில் வரும் சாசேஜ். அவர் பையை யாரும் எக்செல்லில் ஏற்றவில்லை.

இளைஞனுக்குக் கொஞ்சம் சாம்பார் சாதம் கொடுத்தோம். வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, கால் மணி கழித்து நெய் விட்டு. முழுவதும் தின்றுவிட்டு, ஜாடியில் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் குடிக்கலாமா என்று கேட்டான். அடுப்பைத் துறந்தவனுக்கு எங்கள் வாயு ஏழு கிராம் செலவு.

ஊர் திரும்பின பிறகு மகள் அடுத்த வருஷத்துக்கு லடாக், ஸன்ஸ்கார் பக்கம் என்று போனில் ஆரம்பித்திருக்கிறாள். அங்கே கிராமங்களில் தங்கலாம், பாதி வழி கூடாரம். காய்ந்த சாதத்தை விமானத்தில் கொண்டுவரலாம். எரிவாயுக் குப்பி விமானத்தில் ஏறாது, லேயில் தேட வேண்டும். அல்லது, என்றாள் கொஞ்சம் தயங்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வே எடுத்துக்கிட்டா என்ன? அந்த உயரத்தில் பருப்பு வேகாதே என்றும் அவளே கவலைப்பட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதன் சுகத்தை அப்பாக்கள் அறிவார்கள்.

நேற்று எக்செல் தாளை அனுப்பியிருந்தாள். புதிதாக ஒரு வரி: குக்கர், மூன்று லிட்டர். கிராம் என்ற கட்டத்தில் பூஜ்யம். விட்டுப்போய்விட்டதோ என்று போன் போட்டுக் கேட்டேன்.

"இல்லப்பா, சரியாத்தான் இருக்கு. அதைக் குதிரை தூக்கும்."